மாதா கோயில் பெஞ்சில் ஒரு தூக்கம்

நான் கவலைப்படுவதை நிறுத்தினால் என் மனைவி செத்துப்போவாள் என்று மனதார நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். அப்போது நாற்பதைத் தாண்டிய ஆள் நான். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபாக்டரியில், தேயிலையைக் காய வைக்கும் அடுப்புக்கு விறகு போடுவது என் வேலை. கொஞ்சம் கண் அசந்தால் சூடு இறங்கிவிடும், தேயிலை பாழாகிவிடும், ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா வந்து என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். கடவுளும் இப்படித்தான் உலகத்தை நடத்துகிறார், நாம் விறகு போடாவிட்டால் அவருக்குக் கை ஓடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் வயிற்றில் கட்டி. தோட்டத்து டாக்டரையா மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். அங்கே அறுத்துத்தான் எடுக்கவேண்டும் என்றார்கள். அவள், "எப்பங்க ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. மாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்தேன். ஸ்டோருக்குள் சக்கரத்தைக் காவல் காக்கும் ரோதைமுனிக்குச் சேவல் சொன்னேன். மாரியம்மன் மனம் கோணுவாளோ என்று அவளுக்கும் ஒரு சேவல். எங்களிடம் இருந்ததோ ஒரே சேவல். அது என்னைக் கண்டாலே நாங்கள் குடியிருந்த லயத்துக் கூரைமேல் ஏறிக்கொண்டது. வேலைக்குப் போனாலும் உடம்பு என்னோடு வரவில்லை, இழுத்துக்கொண்டு போனேன்.

அவள் தம்பியும் என்னோடு ஸ்டோரில்தான் வேலை. ஒருநாள் சொன்னான்: "மச்சான், சாமிங்களக் கொஞ்சம் மூச்சு விட விடுங்க. நீங்க தொணதொணக்கிறதுல அவுங்களுக்கே காய்ச்சல் வந்துரும்."

"நீ சும்மா இருடா. ஒருத்தராவது முழிச்சிருக்கணும்ல," என்றேன்.

ஆபரேஷன் அன்று காலை ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனேன். வார்டில் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூஞ்சியப் பாத்தா ஒங்களத்தான் அறுக்கப் போறாங்கன்னு நெனப்பாங்க. எங்கயாச்சும் போயி உக்காருங்க. இங்கயே நின்னா நர்சம்மா ஒங்களையும் படுக்க வச்சிருவாங்க."

சொல்லி வாய் மூடுவதற்குள் நர்சம்மா வந்து என்னை வெளியே போகச் சொன்னார். வெளியே மழை. ரோட்டோரம் மாதா கோயில் திறந்திருந்தது. நான் திருநீறு பூசுகிறவன். ஆனாலும் அங்கே உட்காரப் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தேன். மாதாவுக்கு என்ன நேர்வது என்று யோசித்தேன். சேவல் வாங்குவாரோ என்னவோ, தெரியவில்லை. கேட்பதற்கும் கொடுப்பதற்கும் என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

"தாயே, எனக்கு இனிமே முடியாது. நீயே பாத்துக்க."

வேலையை விட்டுப் போகிறவன் டீமேக்கரிடம் சொல்வது போலத்தான் சொன்னேன். தலையிலிருந்த விறகுக்கட்டை யாரோ பின்னாலிருந்து வாங்கிக்கொண்டது போல் இருந்தது. இப்படி லேசாக இருப்பது ஆபத்தாயிற்றே என்று பயந்து, மறுபடி கவலைப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை. அதற்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை.

யாரோ தோளைத் தட்டினார்கள். அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார்.

"அண்ணே, ஒங்க கொறட்டை பீடம் வரைக்கும் கேக்குது."

"மன்னிச்சிக்கங்க. சம்சாரத்துக்கு ஆபரேசன். நான் முழிச்சிருந்திருக்கணும்."

"ஏன், நீங்களா அறுக்கிறீங்க?"

மழையில் விழுந்தடித்து ஓடினேன். வார்டு வாசலில் நர்சம்மா என் சேற்றுக் காலைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு உள்ளே கையைக் காட்டினார்.

நான் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் அவளை அறுத்தார்கள், கட்டியை எடுத்தார்கள், தைத்தார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள்.