மெயின் சுவிட்சில் ஒரு பெண்பால்

எங்கள் வீட்டில் நாற்காலி பெண், கத்தி ஆண், சாவி பெண் என்று ஆகிப்போன காலம் ஒன்று உண்டு. அப்போது அக்கா ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தாள். நமக்கு உயிரில்லாத சாமான் எல்லாம் வெறும் ‘அது’தான். அந்த மொழியிலோ ஆணென்றால் பெயருக்கு முன்னால் ‘எல்’, பெண்ணென்றால் ‘லா’ போட வேண்டுமாம். அதோடு விட்டார்களா? மேசை பெண் என்பதால் அதன் சிவப்பு நிறமும் ‘ரோஹா’ ஆக வேண்டும். ‘ரோஹோ’ என்று வாய் தவறினால் தீர்ந்தது. சோறு ஆண் என்று கேள்விப்பட்ட அம்மா, ஆக்குவது நான், சோறு மட்டும் ஆம்பிளையா என்று ஒரு நாள் முழுக்கப் பொருமினாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்தவள், சென்னையில் ஸ்பானிஷ் தெரிந்தவர்களைத் தேடும் கம்பெனி ஒன்றை நம்பி அந்த வேலையை விட்டிருந்தாள். கடைக்காரர் மறுநாளே வேறு பெண்ணை வைத்துக்கொண்டார். வீடியோ காலில் ஒரே ஒரு இண்டர்வியூ. அது போனால் திரும்பிப் போக இடமில்லை. அவள் சாப்பாட்டைக் குறைத்தாள், நகத்தைக் கடித்தாள், தூக்கத்தில் ‘எல் மாப்பா, எல் மாப்பா’ என்று புலம்பினாள். வரைபடத்துக்குப் பெண்ணைப் போல் முடிகிற பெயர், ஆனால் அது ஆணாம். அந்த ஒரு சொல் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

மனப்பாடம் நிற்காததால் அட்டை வெட்டினாள். ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு. அவள் சொல்லச் சொல்ல எழுதி நூல் கட்டித் தொங்கவிடுவது எட்டு வயதுக்காரியான என் வேலை. ஜன்னல், கதவு, வாளி, கரண்டி ஒன்றையும் விடவில்லை. வெளிச்சம் பெண் என்றாள். டியூப்லைட் எனக்கு எட்டவில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பெரிய மனுஷி மாதிரி யோசித்து, இண்டர்வியூ அன்று காலையில் வாசல் சுவரிலிருந்த மெயின் சுவிட்ச் பெட்டிமேல் ஸ்டூல் போட்டு ஏறிச் சிவப்பு அட்டையைக் கட்டினேன். பூ கட்டுகிற நூல். முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டேன்.

சாயங்காலம் அக்கா இலவச லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஒயர் செருகினால்தான் உயிர். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேச ஆரம்பித்து, அக்கா இரண்டு கேள்விக்குப் பதிலும் சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்து அம்மா பழக்கதோஷத்தில் கிரைண்டரைப் போட, லோடு தாங்காமல் வாசலில் மெயின் ‘டப்’பென்று விழுந்தது. லேப்டாப் அணைந்தது. உள்ளே அக்கா அழும் சத்தம் கேட்டது.

அம்மா வாசலுக்கு ஓடினாள். அதே சமயம் ஷிப்ட் முடித்து வந்த அப்பா சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வந்து, சுவிட்சுக்குப் போன அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தொடாத. கார்டு தொங்குது. யாரோ வேலை செஞ்சிகினு இருக்காங்க.”

அப்பா நெய்வேலி சுரங்கத்தில் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். அங்கே நிலக்கரி போகும் பெல்ட்டிலோ மோட்டாரிலோ ஆள் கை வைத்தால், முதலில் சுவிட்சில் சிவப்பு கார்டைத் தொங்கவிட வேண்டும். தொங்கவிட்டவனே வந்து எடுக்கும்வரை மேலதிகாரி சொன்னாலும் யாரும் அதைத் தொடக்கூடாது.

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “உங்க பொண்ணு எழுதுன சீட்டுங்க அது. பிச்சிப் போட்டுட்டு சுவிட்சப் போடுங்க. உள்ள பெரியவ பொழப்பே போவுது.”

நான் முன்னால் வந்து, நான்தான் கட்டினேன் என்றேன். அப்பா அட்டையை எட்டிப் பார்த்தார். என் கோணல் கையெழுத்து அவருக்குத் தெரியாததல்ல. இருந்தும் யாராவது ஏறியிருக்கிறார்களா என்று கூரையை ஒரு தடவை, தெருக் கம்பத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் என்னிடம் திரும்பினார்.

“நீ கட்டினதுன்னா நீயே அவுத்து எடு.”

ஸ்டூலை உள்ளேயிருந்து கொண்டுவர நேரமில்லை. என்னைத் தூக்கிப் பிடித்தார். நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை. விரல் வழுக்கியது, உள்ளே அக்கா என் பெயரைச் சொல்லித் திட்டினாள், அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என் இடுப்பைப் பிடித்திருந்த அப்பாவின் கைகள் வெடவெடவென்று நடுங்கின. கடைசியில் பல்லால் கடித்து நூலை அறுத்தேன். அட்டை என் கைக்கு வந்த பிறகும் உள்ளே யாரும் ஒயரில் கை வைத்திருக்கவில்லையே என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டார்.

இண்டர்வியூ எடுத்த பெண் மறுபடி கூப்பிட்டாள். எங்கள் ஊரில் கரண்ட் போவதை அவளுக்கு ஸ்பானிஷில் விளக்கியதிலேயே அக்காவின் பயம் தெளிந்துவிட்டது போலிருக்கிறது, வேலை கிடைத்தது. சென்னைக்குப் போகும்வரை, ஒரு துண்டு அட்டைக்குப் பயந்த மனிதர் என்று அப்பாவைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். அவரும் கூடச் சிரித்துவைத்தார்.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். நெய்வேலிக்கு வருமுன் வெளியூரில் ஒரு ஆலையில் அப்பா வேலை பார்த்தாராம். அங்கே ஒரு நாள் சுவிட்சில் சிவப்பு கார்டு தொங்கியது. யாரோ மறந்து விட்டுப்போன பழைய கார்டு என்று நினைத்து அதைப் பிய்த்துப் போட்டு சுவிட்சைத் தட்டியது அப்பாதான். மிஷினுக்குள் இருந்தது அவருடைய சிநேகிதர்.

அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? நான் கனத்துப்போனதால்தான் அப்பாவுக்குக் கை நடுங்குகிறது என்று வெட்கப்பட்டு, ராத்திரி இரண்டாவது தோசை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.