எட்டுத் தங்கமும் ஒரு கறுப்பும்

வாஸ்து மீன் தொட்டி என்று ஒன்றை முதன்முதலில் யோசித்த மகானுபாவர் யாரென்று தெரிந்தால், நேரில் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு ஒன்பது வயதிலிருந்து ஆசை. வீட்டின் வடகிழக்கு மூலையில் தொட்டி. அதில் எட்டு மீன் தங்க நிறம், ஒன்று கறுப்பு. வீட்டுக்கு வருகிற கண்திருஷ்டி, கண்டம், காத்துக் கறுப்பு எல்லாவற்றையும் அந்தக் கறுப்பு மீன் தன் தலையில் வாங்கிக்கொண்டு செத்துப்போகும். நாம் சௌக்கியமாக இருக்கலாம். அது செத்தால் இன்னொரு கறுப்பை வாங்கி விட வேண்டியதுதான். இப்படி ஒரு வெட்கங்கெட்ட ஏற்பாட்டை நான் இன்றுவரை வேறெங்கும் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுத் தொட்டியில் அந்தக் கறுப்பாகப் பிடித்துப் போட்டது என் மீனை.

அது ஃபைட்டர் மீன். அம்மாவின் தம்பி, லாரி ஓட்டுகிற என் மாமா, சென்னைக்கு லோடு இறக்கப் போனபோது தண்ணீர் கட்டிய கவரில் கொண்டுவந்து கொடுத்தது. அகல வாய்க் கண்ணாடி ஜாடியில், பாவாடையை விரித்த மாதிரி துடுப்பை விரித்துக்கொண்டு தனியாகச் சுற்றி வரும். விரலைக் கண்ணாடியில் வைத்தால் வந்து முறைக்கும். அதன் நிறம் நீலம். இதை நான் இன்றும் அடித்துச் சொல்வேன். மாமா கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்: “இது ஒண்டிக்கட்டை, பாப்பா. கூட எதையாவது வுட்டேன்னு வெச்சிக்கோ, ஒன்னு இது அதைக் கடிக்கும், இல்ல அது இதைக் கடிக்கும்.”

கச்சிராயபாளையம் ரோட்டில் நாங்கள் புது வீடு கட்டிக் குடிபோன வருஷம் அது. கரும்பு விற்று, நகையை வைத்து, மாடியில் பால்கனி வைத்துக் கட்டிய வீடு. தெருவில் வேறு யாருக்கும் பால்கனி கிடையாது. அங்கே நின்று பார்த்தால் கல்வராயன் மலை முழுசாகத் தெரியும். கிரகப்பிரவேசத்துக்கு வந்த ஜனம் முழுக்க அந்தப் பால்கனியில் நின்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனது. அந்த மாதமே அப்பாவுக்குத் தொண்டை கட்டியது. கரும்பு வெட்டுகிறவர்களை நாலு வயல் தள்ளிக் கூப்பிடுகிற குரல், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காமல் போனது. மிளகு, சித்தரத்தை, சுடுதண்ணீர் எதற்கும் திறக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அடிக்கடி பஸ் ஏறிப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். எனக்குச் சொன்னது தொண்டைக்கட்டு என்பது மட்டும்தான்.

கண்ணு பட்டுவிட்டது என்று கண்டுபிடித்தவள் அப்பாவின் அக்கா, என் அத்தை. சங்கராபுரத்து ஜோசியர் ஒருவரைப் போய்ப் பார்த்து, தொட்டியும் ஒன்பது மீனும் என்று தீர்ப்பை வாங்கிக்கொண்டு வந்தாள். கள்ளக்குறிச்சி கடையில் தங்க மீன் ஆறுதான் இருந்ததாம். மீதி இரண்டுக்கு, மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் என்ற மீனைக் கட்டிக் கொடுத்து, “மஞ்சளும் தங்கந்தாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார் கடைக்காரர். கறுப்பு மீன் மட்டும் அந்த வாரம் ஊரிலேயே இல்லை. மறுநாள் நல்ல நாள். அத்தையின் கண் கூடத்தைச் சுற்றி வந்து என் ஜாடியில் நின்றது.

“தோ இருக்குதே கறுப்பு” என்றாள்.

“அது நீலம்” என்றேன்.

ஜாடியை டியூப் லைட்டுக்குக் கீழே தூக்கிப் பிடித்தார்கள். அத்தை கறுப்பு என்றாள். அத்தை புருஷன், அத்தை சொன்ன பிறகு, கறுப்பு என்றார். எலெக்ட்ரிக் வேலைக்கு வந்திருந்தவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் யாருக்கும் பொல்லாப்பு வேண்டாமென்று, லைட்டை அணைத்தால் கறுப்புதான் என்றார். என் மீனின் நிறத்தை ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிய அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வது? அம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் என் பக்கம் என்று நினைத்து அவளைப் பார்த்தேன். அவள் ஜாடியை வாங்கினாள், போய்த் தொட்டியில் கவிழ்த்தாள்.

எல்லாரும் ஃபைட்டர் மற்றதைக் கொல்லும் என்று பயந்தார்கள். பேரை அப்படி வைத்துவிட்டார்களே, பாவம், அது என்ன செய்யும்? நடந்தது நேர்மாறு. அந்த இரண்டு பட்டை போட்ட மீன்களும் அதன் வாலை விடாமல் கொறித்தன. நீண்ட துடுப்போடு வேகமாக ஓட அதனால் முடியவில்லை. பம்பிலிருந்து வருகிற தண்ணீர் வேறு அதைச் சுவருக்குத் தள்ளியது. மேலே வந்து மூச்சு வாங்குகிற மீன் அது, வரும்போதெல்லாம் கடி. வாரம் முடிவதற்குள் வால் கிழிந்த துணியாகத் தொங்கியது. தொட்டியின் மூலையில், பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால், ஒருக்களித்துக் கிடந்தது.

இதைப் பார்த்து இந்தப் பெரியவர்கள் பரிதாபப்பட்டார்களா? சந்தோஷப்பட்டார்கள். “பாரு, பாரு, எப்படி வாங்கிக்கினு இருக்குது” என்று அத்தை வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மா காலையில் எழுந்ததும் சாமி படத்துக்கு முன்னால் நிற்காமல் தொட்டிக்கு முன்னால் நின்றாள். வால் இன்னும் கிழிந்திருக்கிறதா என்று அவள் பார்க்கிற பார்வையில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெற்ற தாயா இவள் என்றுகூட நினைத்தேன்.

ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, டீ வடிகட்டியால் அதை அள்ளி ஜாடிக்கு மாற்றினேன். மாடிப்படிக்கு அடியில், மிச்சமிருந்த சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். மாமாவிடம் போனில் கேட்டு, ஒரு கல் உப்பும், பள்ளிக்கூடத்துப் பாதாம் மரத்தின் காய்ந்த இலை ஒன்றும் போட்டேன். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. இரண்டாம் நாள் அது என் விரலைப் பார்த்துத் திரும்பியது. நான் அழுதுவிட்டேன்.

காலையில் செடிக்குப் பின்னால் கிடக்கிறது என்று விட்டிருந்த அம்மா, அன்றைக்குச் சாயங்காலம்தான் தொட்டியில் கறுப்பு இல்லாததைக் கவனித்தாள். செத்ததை மற்ற மீன்கள் தின்றுவிட்டன என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். தேங்காய் உடைத்தாள். கற்பூரம் ஏற்றினாள். கேசரி கிண்டினாள். அப்பாவின் நெற்றியில் திருநீறு பூசி, “போயிடுச்சிங்க, எல்லாம் அதோட போயிடுச்சி” என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது. அத்தை ஒரு கிண்ணம் கேசரியை என் கையில் திணித்தாள். என் மீன் செத்ததற்கு எனக்கே கேசரி.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். “சாவல. நல்லா பாருங்க. நான்தான் காப்பாத்தினேன்” என்றேன்.

அம்மா என்னை அதுவரை அடித்ததில்லை. அன்று விழுந்த அறையில் காது அடைத்துக்கொண்டது. ஓர் உயிரைக் காப்பாற்றியதற்கு அறை. இதைப் பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரியல்லவா சொல்லிக் கொடுத்தார்கள்? “ஏண்டி எடுத்த, யாரைக் கேட்டுடி எடுத்த” என்று கேட்டுக்கொண்டே அவள் ஜாடியைப் பிடுங்கித் தொட்டிக்குப் போனாள். வழியெல்லாம் தண்ணீர் தளும்பியது. அப்பா எழுந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வுடு” என்றார், இருந்த குரலில். “இது இன்னா பண்ணுச்சி நமக்கு. பொழைக்கட்டும். இது பொழைச்சா நானும் பொழைச்சிக்கினேன்னு வெச்சிக்க.”

ஜாடி என்னிடமே வந்தது. நியாயம் தெரிந்த ஒரே ஆள் அப்பாதான் என்று பெருமையாக இருந்தது. மறுநாள் அவர்கள் இருவரும் பாண்டிச்சேரிக்குப் போனார்கள். அப்பாவின் தொண்டையில் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்ததோ, அதன் முடிவைக் கேட்கத்தான் போகிறார்கள் என்பதோ எனக்குத் தெரியாது. உடனே ஆபரேஷன் என்று அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். அப்பா பிழைத்து வந்தார். குரல் மட்டும் திரும்பவில்லை. அந்த மீனை அன்றைக்குத் தொட்டியிலேயே விட்டிருந்தால் தன் தம்பிக்குக் குரலும் தப்பியிருக்கும் என்று அத்தை இன்றும் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சொல்கிறாள். சொல்லட்டும். அவளுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

அவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அம்மா தினமும் சாயங்காலம் அத்தையின் செல்லுக்குப் போன் பண்ணுவாள். என்னைக் கூப்பிடச் சொல்வாள். சாப்பிட்டாயா, பள்ளிக்கூடம் போனாயா என்று ஒரு வார்த்தை கிடையாது. எடுத்ததும், “மீனு இருக்குதாடி?” என்பாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். அத்தனை தூரம் போயும் அது எப்போது சாகும் என்றுதானே கேட்கிறாள். வயிறெரியட்டும் என்று வேண்டுமென்றே கத்திச் சொல்வேன்: “இருக்குது. வாலெல்லாம் மொளைச்சிக்கினு வருது. அது சாவாது. நீ இன்னா பண்ணாலும் சாவாது.”

அந்தப் பக்கத்தில் அம்மா அழுவது கேட்கும். என்னிடம் தோற்றுப்போனதற்காக அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நன்றாக அழட்டும் என்று போனைக் காதிலேயே வைத்திருப்பேன்.