ஒட்டிய கவரும் நாலு மூலை மஞ்சளும்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு விண்ணப்பம் தயார் செய்து கொடுக்கும் தொழிலில், பிள்ளைகள் படுத்துவதைவிடக் காகிதங்கள் படுத்துவதுதான் அதிகம்.

கோரிப்பாளையத்தில் தட்டச்சுக் கடையாக ஆரம்பித்தேன். பிறகு ஜெராக்ஸ் மெஷின் வந்தது, அதற்குப் பிறகு கம்ப்யூட்டர். என் படிப்பு பத்தாவதோடு சரி. ஆங்கிலம், ஊரார் மனுக்களை அடித்து அடித்துப் பழகியது. உங்கள் வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளை இப்படிக் கிளம்பியிருந்தால் நான் சொல்லப்போவதில் பாதியாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

எத்தனையோ பேருக்குச் செய்திருந்தாலும் பாண்டிச்செல்வியின் விண்ணப்பம்தான் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வரிசையாக ஞாபகம் இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். அப்பா தவசி, விவசாயி. ஜெர்மனியில் மண்ணியல் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க இருவருமாக வந்தார்கள். வீட்டில் அவளுக்குக் கொடுத்திருந்த தவணை ஒரே வருஷம். அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று அவள் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்.

தற்பெருமை இரண்டு பக்கம்

விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்பார்கள். நான் யார், இந்தப் படிப்பு எனக்கு ஏன், என்னிடம் என்ன திறமை இருக்கிறது என்று இரண்டு பக்கம். பாண்டிச்செல்வி எழுதி வந்ததில் ஒன்றரைப் பக்கம் அவர்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி இருந்தது. வண்டல் எந்த மடையில் அதிகம் படிகிறது, செவல் மண்ணோடு கலந்தால் என்ன ஆகிறது என்றெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தாள். அவளைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. உட்கார வைத்து விசாரித்தபோதுதான் கல்லூரியில் முதல் மாணவி என்பதும், நாற்பது வயல்களில் மண் எடுத்துச் சோதித்தவள் என்பதும் தெரிந்தது. அதையெல்லாம் சேர்த்து அடித்தேன்.

அடித்ததைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார் தவசி. சிறந்தவள், உழைப்பாளி, தலைமை ஏற்கும் திறன் உள்ளவள் என்று வரிசையாக வாசித்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அண்ணே, பொம்பளப்புள்ள தன்னைப் பத்தித் தானே இம்புட்டுப் பேசுதுன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன்ணே பொண்ணு கேட்டு வருவான்?"

சுமாரான மாணவி

அடுத்தது ஆசிரியரின் சிபாரிசுக் கடிதம். இந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பேராசிரியருக்கு நேரம் இருக்காது. "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்பார். பாண்டிச்செல்வியின் பேராசிரியையும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். இந்த முறை அவள் என்னிடம் காட்டவில்லை. தானே எழுதி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் முன்பு எழுதியதில் ஏற்பட்ட கூச்சம் போலிருக்கிறது.

மறுநாள் திரும்பி வந்தாள், தாளில் கையெழுத்து இல்லை. வாங்கிப் பார்த்தேன். 'இம்மாணவி ஒழுங்காக வகுப்புக்கு வருவார், ஓரளவு நன்றாகப் படிப்பார்' என்று இருந்தது. அம்மையார் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் அல்லவாம். வாசித்துவிட்டு இவளைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்: "ஏம்மா, எனக்கே உன் மேல இதைவிட நல்ல அபிப்பிராயம் இருக்கே, யாருக்குப் பயந்து இப்படி எழுதியிருக்க?"

மஞ்சள்

மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை வைத்துக் கொடுக்கும். அதைப் பிரிக்காமல் அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். பிரித்தால் செல்லாது. இரண்டு வாரம் காத்திருந்து கவரை வாங்கினார்கள். மறுநாள் கூரியரில் போடலாம் என்று சொல்லி அனுப்பினேன். கடைசித் தேதிக்கு எட்டு நாள் இருந்தது. கூரியர் போய்ச் சேர ஐந்து நாளாகும்.

மறுநாள் கவர் வந்தது. மேல் மடிப்பு கத்தியால் கிழித்தது போல நேராகப் பிரிக்கப்பட்டிருந்தது. உள்ளே மூன்று தாள், ஒவ்வொன்றின் நாலு மூலையிலும் ஈர மஞ்சள். பத்திரிகை அடித்தால் முதலில் குலதெய்வத்தின் காலடியில் வைப்பதில்லையா, அதுபோலத் தவசி ஆத்தாவின் காலடியில் வைத்திருக்கிறார். கவரோடு வைத்தால் போதாதா என்று இவர் கேட்டதற்கு, கவரா படிக்கப் போகிறது என்று பூசாரி கேட்டாராம். பாண்டிச்செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு விஷயம் கடைக்கு வரும் வழியில்தான் தெரிந்திருக்கிறது, பஸ்ஸிலேயே அழுது முடித்திருந்தாள். தவசிக்கு இன்னும் புரியவில்லை. கவரை என் மேஜைமேல் இரண்டு கையாலும் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆத்தா உத்தரவு குடுத்துட்டாண்ணே, நீங்க தைரியமா அனுப்புங்க."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

கடையைப் பூட்டிவிட்டு நானும் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். மறுபடி கவர் வேண்டுமென்றால் காரணம் எழுதித் தர வேண்டும். 'தவறுதலாகப் பிரிக்கப்பட்டது' என்று எழுதினேன். தேர்வுப் பிரிவு ஊழியர் மனுவைப் படித்தார், பழைய தாள்களைப் பார்த்தார், மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தார். முறைப்படி இன்னும் இரண்டு வாரம். ஆனால் மதிப்பெண் ஏற்கெனவே சரிபார்த்ததுதான், அச்சடித்துக் கையெழுத்து வாங்குவதுதான் பாக்கி என்றார். அதிகாரி கூட்டத்தில் இருந்தார். அவர் வரும் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். நடந்தது என்னவென்று அதற்குள் மகள் தவசியிடம் சொல்லியிருந்தாள்.

நாலு மணிக்கு ஊழியர் புதுத் தாள்களோடு வந்தார். பசையை எடுத்தவர் நிறுத்தி, தாள்களை ஜன்னல் வழியாகத் தவசியிடம் நீட்டினார். தவசி வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். ஊழியர் கவரை ஒட்டி, ஒன்றுக்கு மூன்றாக முத்திரை அடித்துவிட்டுச் சொன்னார்: "கும்பிட்டாச்சுல்ல, இனிமே அந்த ஆத்தாவே நேர்ல வந்து கேட்டாலும் பிரிக்காதீங்க."

எழுந்து நின்ற பேட்டி

கவர் போய்ச் சேர்ந்தது. மூன்று வாரம் கழித்து வீடியோ பேட்டிக்கு அழைத்தார்கள். அவர்கள் ஊரில் சிக்னல் நிற்காது, என் கடையிலேயே வைத்துக்கொண்டோம். நான் வயரைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். என் மனைவி இருந்திருந்தால் முதலில் அந்தப் பெண்ணுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்திருப்பாள்.

திரையில் பேராசிரியர் வந்ததும் பாண்டிச்செல்வி சட்டென்று எழுந்து நின்றாள். வாத்தியார் வந்தால் எழுந்திருப்பது கைகால்களுக்கே பழகிப்போன ஒன்று. கேமராவில் அவள் துப்பட்டாவும் பின்னால் தொங்கிய காலண்டரும்தான் தெரிந்தன. உட்கார் என்று நான் சைகை காட்டினேன். அவர் சொல்லாமல் எப்படி என்பதுபோல் தலையை ஆட்டினாள். பேராசிரியர் குனிந்து பார்த்தார், முகம் தெரியவில்லை. என்ன நினைத்தாரோ, அவரும் எழுந்துவிட்டார். கொஞ்ச நேரம் அங்கே ஒரு சட்டைப் பொத்தானும் இங்கே ஒரு துப்பட்டாவும் வணக்கம் சொல்லிக்கொண்டன. கடைசியில் அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கள் ஊர் முறைப்படி நானும் நின்றுவிட்டேன், இனி இரண்டு பேரும் உட்காரலாமா?"

வந்த கடிதம்

உட்கார்ந்த பிறகு அவள் கண்மாயைப் பற்றிப் பேசினாள், அரை மணி நேரம் கூச்சமே இல்லை. இடம் கிடைத்துவிட்டது. கடிதம் மெயிலில் வந்தது, தாளில் வேண்டும் என்று தவசி மகளோடு வந்தார். அச்செடுத்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அக்டோபரில் வகுப்பு, இரண்டு வருஷப் படிப்பு, எந்த அலுவலகத்தில் பதிய வேண்டும், தங்க எங்கே எழுதிக் கேட்க வேண்டும். மகள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவர் கடைசி வரி வரை பொறுமையாகக் கேட்டார். நான் தாளை நீட்டியபோது வாங்கவில்லை.

"படிச்சு முடிச்சதும் ஊருக்கு வந்துரணும்னு இதுல எங்கயாச்சும் போட்டிருக்காண்ணே?"

போவதற்கு வேண்டிய காகிதம் அத்தனையும் என் கடையிலேயே கிடைக்கும், திரும்பி வரவழைக்கும் காகிதத்தை அடித்துக் கொடுக்கத்தான் இந்த ஊரில் இன்னும் யாரும் கடை போடவில்லை.