நல்ல கெண்டைக்கால்

ரஃபியாவை யாராவது சிடுமூஞ்சி என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவள் சிடுமூஞ்சி இல்லை. ஒரு பிள்ளைக்கு நாளைக்கு என்ன ஆகும் என்பது இன்றைக்கே தெரிந்து, அதை மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவள் முகம் வேறு எப்படி இருக்கும்?

நான் சொர்ணலதா. கூடலூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. என் வாய் கொஞ்சம் நீளம் என்று எங்கள் பள்ளியில் பேர். ரஃபியா சிறப்புப் பயிற்றுநர். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குப் பாடமும் பயிற்சியும் கொடுக்க வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போகிறவள். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் பள்ளி. உத்தமபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். பதினோரு வருடமாக இதே ஓட்டம். நிரந்தரம் ஆக்குகிறோம் என்று சொல்லிச் சொல்லியே அதிகாரிகள் நாலு பேர் ரிட்டயர் ஆகிவிட்டார்கள், இவள் இன்னும் தற்காலிகம்தான்.

சேவை செய்யவேண்டும் என்றெல்லாம் அவள் இந்த வேலைக்கு வரவில்லை. சாதா பி.எட்.டுக்கு இடம் கிடைக்கவில்லை, சிறப்புக் கல்வியில் ஒரு இடம் காலியாக இருந்தது, அவள் அத்தா ஷேக் மைதீன் போய்ச் சேர்த்துவிட்டு வந்துவிட்டார். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆனால் வந்த வேலையை அவள் அலட்சியமாகச் செய்து நான் பார்த்ததில்லை. புதிதாக ஒரு பிள்ளையைப் பார்த்தால் பேர் கேட்பதற்கு முன்னால், தரையில் உட்காரு, எழுந்திரு என்பாள். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறாயா என்று ஆரம்பத்தில் நான் கிண்டல் செய்திருக்கிறேன். அந்தக் கிண்டலுக்கு நான் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆள் பற்றாக்குறை என்று நாலாம் வகுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். ஈஸ்வரபாண்டி என்று ஒரு பையன். கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் சோம்பேறி என்று நினைத்திருந்தேன். ஓடமாட்டான், படியேற நேரம் எடுப்பான், அடிக்கடி தடுக்கி விழுவான். ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று இருபது தோப்புக்கரணம் போடச் சொன்னேன். மூன்றாவதில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நடிக்கிறாயாலே என்று அதட்டினேன். வகுப்பே சிரித்தது. வாசலில் நின்ற ரஃபியா உள்ளே வந்து, "நிறுத்துங்கக்கா" என்றாள். அவனை மெதுவாக எழுந்திருக்கச் சொன்னாள். அவன் குப்புறத் திரும்பி, கையைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே தான் ஏறுவது போல எழுந்து நின்றான். ரஃபியாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் அதற்குத் தசைச்சிதைவு என்று பேர் சொன்னார்கள். உடம்புத் தசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். பத்துப் பன்னிரண்டு வயதில் நடை நிற்கும். அப்புறம் கை. அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன், எனக்கு வாய் வராது. மாத்திரையும் பயிற்சியும் அதைத் தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது. அந்தப் பையனைத்தான் நான் தோப்புக்கரணம் போடச் சொன்னேன். 

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தாய்வழியாக வருவது இது, இன்னொரு ஆண்பிள்ளை இருந்தால் அவனுக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று. இருந்தான். கார்த்திக்ராஜ். அப்போது அவனுக்கு இரண்டரை வயது. அவர்கள் அம்மா நாகஜோதி தினமும் விடியற்காலையில் ஜீப்பில் குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். அப்பா ராக்கையா அங்கேயே எஸ்டேட்டில் தங்கி, மாதத்துக்கு ஒருதரம் வருவார். சின்னவனுக்கு எதற்கு ஊசி என்று நாகஜோதி கேட்டாள். அவன் டவுசரைத் தூக்கிக் காட்டினாள்.

"கெண்டைக்காலைப் பாருங்க டீச்சர், எம்புட்டுத் திரட்சின்னு. எனக்குப் பெறகு பெரியவனை இவன்தான் தூக்கிச் சொமப்பான்."

எங்கள் ஊரில் ஆண்பிள்ளையைக் காலைப் பார்த்துத்தான் மெச்சுவார்கள். மலை ஏறி இறங்கிப் பிழைக்கிற ஊர். ஜீப்பில் கூட வருகிற பெண்களெல்லாம் அந்தப் பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்து, கபடிக்கு ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள், திருஷ்டி சுற்றிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் இந்த நோயில் மற்ற தசை கரையும்போது கெண்டைக்கால் மட்டும் பருத்துக்கொண்டே வரும். இது ரஃபியாவுக்குத் தெரியும். அவள் ஒரே ஒருதரம் வற்புறுத்தினாள். நாகஜோதி அழுதாள். படிவத்தில் உடன்பிறந்தவர் என்ற இடத்தில் "குறை இல்லை" என்று எழுதிக்கொண்டு ரஃபியா வந்துவிட்டாள். சின்னப் பிள்ளைதானே, பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன் அக்கா என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

ஈஸ்வரபாண்டிக்காக அவள் செய்ததைச் சொல்லி முடியாது. சக்கர நாற்காலிக்கு எத்தனை முகாம், எத்தனை கையெழுத்து! எங்கள் பள்ளியில் கட்டிய சாய்தளத்தில் ஆடுகூட ஏறாது. அதை இடித்துத் திரும்பக் கட்டவைத்தாள். கை தளர ஆரம்பித்ததும் முழங்கையைத் தாங்குகிற மாதிரி ஒரு மேசைப் பலகை செய்துகொடுத்தாள். பரீட்சையில் கூடுதல் நேரம் வாங்கிக் கொடுத்தாள். அவன் ஆறாம் வகுப்பில் முதல் மார்க். ஏழாம் வகுப்பில் அவன் போடுகிற கணக்கைப் பார்த்து நானே சில நாள் திகைத்துப் போவேன்.

இந்த ஜூனில் சின்னவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். கொழுகொழுவென்று, வாய் ஓயாத பயல். அன்றிலிருந்து ரஃபியா ஒன்றாம் வகுப்புப் பக்கம் போகவே இல்லை. எங்கள் வகுப்புக்கு அதுதான் குறுக்கு வழி. இவள் மைதானத்தைச் சுற்றி வருவாள். ஏன் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் கேட்கவில்லை. நீளவாய்க்காரி நானே கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்றாம் வகுப்பு இவாஞ்சலின் டீச்சர் எங்களிடம் வந்து அலுத்துக்கொண்டாள். கார்த்திக்ராஜ் சுவரை ஒட்டித்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கிறானாம். நடுவில் உட்காரவைத்தால் ஊர்ந்து ஊர்ந்து சுவருக்கே போய்விடுகிறானாம். ரஃபியா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். நேராக அந்த வகுப்புக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவனைத் தூக்கி வந்து நடுவில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னாள். அவன் அசையவில்லை. சுவரைப் பார்த்தான்.

"செவத்தப் பிடிச்சுத்தான் எந்திரிக்கணும்னு அண்ணன் சொல்லியிருக்கு" என்றான்.

ஏன் என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. அண்ணன் தினமும் வீட்டில் சொல்லிக்கொடுக்குமாம். கட்டிலைப் பிடி, கதவைப் பிடி, தொடையில் மட்டும் கை வைக்காதே, அம்மா பார்த்தால் அழும் என்று சொல்லுமாம். சரியாகச் செய்தால் மிட்டாய் தருமாம். அந்தப் பயல் பெருமையாகச் சொல்கிறான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

ஏழாம் வகுப்புக்கு வந்தோம். மற்ற பிள்ளைகள் விளையாட்டு பீரியடுக்குப் போயிருந்தார்கள். ஈஸ்வரபாண்டி தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ரஃபியாவின் முகத்தைப் பார்த்ததுமே பென்சிலை வைத்துவிட்டான்.

"அம்மாட்டச் சொல்லிராதீக டீச்சர்" என்றான். "எனக்கு வந்தப்ப அம்மா ரெண்டு மாசம் சரியாச் சோறு திங்கல. இப்பத்தான் சிரிக்கிறாக. இன்னும் ஒரு வருசம் போகட்டும்."

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டதற்கு, போன மாசித் திருவிழாவிலிருந்து என்றான். தம்பி தரையிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். தானும் அப்படித்தான் எழுந்தானாம், ஞாபகம் இருக்கிறதாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. ஆறு மாதமாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறான்.

ரஃபியா அவனுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளியும் சொல்லவில்லை, அடுத்த செவ்வாயும் சொல்லவில்லை. நான் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்திவிட்டேன். சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் இரண்டு மூன்று வருடம் கூட நடப்பான் என்று நீதானே சொன்னாய், இப்போது நீயே நாளைக் கடத்தினால் எப்படி என்று கேட்டேன். "நான் மூணு வருசத்தைக் கடத்திட்டேன்க்கா" என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த வார வெள்ளிக்கிழமை நாகஜோதியை வரச் சொன்னோம். ஜீப்பிலிருந்து இறங்கி நேராக வந்தாள், கையெல்லாம் ஏலக்காய்க் கறை. பெரியவனை ஆட்டோவில் அனுப்பிவிட்டிருந்தோம். சின்னவன் அவள் மடியில் வந்து ஏறிக்கொண்டான். ரஃபியா சுற்றி வளைக்காமல் சொன்னாள். நாகஜோதி முதலில் சிரித்தாள். அவன் டவுசரை முழங்காலுக்கு மேலே தூக்கினாள்.

"இந்தக் காலையா டீச்சர் சொல்றீக?"

ரஃபியா தலையாட்டினாள். நாகஜோதி அந்தக் கெண்டைக்காலைக் கையால் பிடித்தாள். அழுத்திப் பார்த்தாள். திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். பெரியவன் காலையும் அப்படித்தானே அவள் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டிருப்பாள்; அந்தக் கைக்குத் தெரியாதா? கொஞ்ச நேரத்தில் டவுசரை இழுத்துவிட்டுச் சரிசெய்தாள். சின்னவன், பசிக்குதும்மா என்றான். அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் குரலைத் தணித்தாள்.

"மருதைக்கு எப்பப் போகணும்னு சொல்லுங்க, போறேன். ஆனா பெரியவனுக்கு இது தெரியவே கூடாது. எனக்குத் தம்பி இருக்கான்ங்கிற தைரியத்துலதான் டீச்சர் அவன் படிக்கிறான்."

நான் வாயைத் திறந்தேன். ரஃபியா மேசைக்கு அடியில் என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள். நாகஜோதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவன் அவள் தோள்வழியே எங்களுக்கு டாட்டா காட்டிக்கொண்டே போனான். சொல்லியிருக்க வேண்டுமா, வேண்டாமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தாயும் மூத்த மகனும் இரண்டு பேருமே அவளைத்தான் நம்பிச் சொன்னார்கள், யாருடைய ரகசியத்தை உடைப்பாள் அவள்?

திங்கட்கிழமை மதுரையில் ரத்தம் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை ரஃபியா வழக்கம்போல ஏழாம் வகுப்புக்கு வந்தாள். நான் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஈஸ்வரபாண்டி அவளை அருகில் வரும்படி கண்ணால் கூப்பிட்டான். அவள் குனிந்தாள். ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

"நேத்து தம்பியை மருதைக்குக் கூட்டிப் போனாக டீச்சர். சத்து ஊசி போடவாம். நான் பயந்துட்டேன். நல்லவேளை, அம்மாவுக்கு இன்னும் ஒண்ணும் தெரியல."

"ஆமாப்பா" என்றாள் ரஃபியா.

அவன் நிம்மதியாகக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தான்.