காதர் பாய்க்கு எழுத்தெழுத்தாக

இன்று காலை அலுவலகக் கணினியில் ஏதோ அப்டேட் நடந்து, என் அமைப்புகளெல்லாம் அழிந்துவிட்டன. ஒரு மெயிலுக்கு ‘டியர் சார்’ என்று தட்ட ஆரம்பித்தேன். டி, இ, ஏ, ஆர் என்று கணினி உரக்க ஒப்பிக்கத் தொடங்கியது. பக்கத்து மேஜைக்காரர் சிரித்துக்கொண்டே, “என்ன சார், மறுபடியும் எல்கேஜியா?” என்றார். நானும் சிரித்தேன். அணைக்கப் போன விரல் மட்டும் நின்றுவிட்டது.

உங்களுக்கு இது புதிதாக இருக்கலாம். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. நாம் தட்டுவதை அது எழுத்தெழுத்தாகச் சொல்லும். வேண்டுமானால் சொல்சொல்லாகச் சொல்லும். போதும் என்றால் வாயை மூடிக்கொள்ளும். கை பழகியவர்கள் வாயை மூடித்தான் வைப்போம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் கெத்தும் உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் எங்களைப் போன்றவர்களுக்கான பயிற்சி அறை இருந்தது. வருகிறவர்களுக்குக் கணினியைச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. கீழே டீக்கடையில் சமோசா பொரிகிற வாசனை மேலேறி வரும். கணினிகள் ஆளுக்கொரு வேகத்தில் பேசிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலுக்குள் ஒருநாள் அத்தர் வாசனை நுழைந்தது. பாலக்கரை காதர் பாய்.

துபாயில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். சர்க்கரை வியாதி கண்ணை எடுத்துக்கொண்டது. இளவயதில் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணியவர் என்பதால் விசைகளெல்லாம் அவர் விரல்களுக்கு மனப்பாடம். நான் எழுத்தெழுத்தாக வைத்துக் கொடுத்ததை ஒரு வாரம் பொறுத்தார். பிறகு, “தம்பி, இது என் பின்னாடியே வந்து தொணதொணக்குது. நிறுத்திடுங்க” என்றார். நிறுத்திய அன்று எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார். நான் மூன்று தின்றேன்.

அவர் கணினி கற்றதே மகள் நஸ்ரினுக்காக. கல்யாணமாகி சார்ஜாவில் இருந்தாள். போனில் பேசினால் அழுகையிலேயே காசு கரைகிறதென்று, இருவரும் மெயில் எழுதிக்கொண்டார்கள். தமிழைத்தான் எழுதினார்கள், ஆங்கில எழுத்தில்.

பிறகு வங்கி வேலை கிடைத்து நான் அந்த மாடியை விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி பாலக்கரை போவேன். ஆற்றுப் பாலத்தில் காற்று மாறும்போதே பாயின் மனைவி சுலைகா அக்கா போடும் இஞ்சி டீ ஞாபகத்துக்கு வந்துவிடும். அப்படிப் போன ஒரு ஞாயிறில், சொல்சொல்லாகப் பேச வைக்கச் சொன்னார் பாய். கொஞ்ச நாளில் எழுத்தெழுத்தாக. அப்புறம் வேகத்தைக் குறை, குரலைத் தடியாக்கு, சத்தத்தைக் கூட்டு என்றார். ஏனென்று நான் கேட்கவில்லை. கண்ணில்லாதவனுக்குக் காது போவது என்னவென்று எனக்குத் தெரியும் என்பதால் நினைக்கவே பயமாக இருந்தது. கடைசியில் அவரே சொன்னார்: “பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்குது போல. எனக்குத்தான் கேக்கல.”

பிரெய்ல் கற்கவும் வழியில்லை. சர்க்கரை விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்திருந்தது. அவர் எழுதுவது மகளுக்குப் போகும். மகள் எழுதுவது இவருக்கு வராது. வீட்டுக்குள் இருந்துகொண்டே வேறெங்கோ அடைபட்டுப் போனார் மனிதர்.

ஒரு ஞாயிறு, பேச வழியில்லாமல் அவர் கையைப் பிடித்து விசைப்பலகையில் வைத்தேன். வலது கைச் சுட்டுவிரலை நகர்த்தி ஒரு விசையை அழுத்தினேன். ஆங்கில ‘என்’ எழுத்தைச் சொன்னது கணினி, எனக்கு மட்டும். அடுத்து இடது கைச் சுண்டுவிரல். அடுத்து மோதிரவிரல். நுனி மரத்திருந்தாலும், எந்த விரல் எந்தப் பக்கம் போகிறதென்று டைப்ரைட்டிங் படித்த கைக்குத் தெரிந்தது. பாதியிலேயே, “நஸ்ரின்” என்றார். அக்கா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

அதன்பின் மகளின் கடிதங்கள் எல்லாம் அவர் விரல் வழியாகவே போயின. முதலில் நான் காதில் முழுதும் கேட்டுக்கொள்வேன். பிறகு அவர் விரல்களைக்கொண்டு தட்டுவேன். சரியான விசைதானா என்று கணினி எழுத்தெழுத்தாக எனக்குச் சொல்லும். ஒரு கடிதம் ஒரு ஞாயிறில் முடியாது. சாரத்தை மட்டும் சொல்லப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார். “சுருக்காதீங்க தம்பி. அவ எழுதுன வரிசையிலயே வரட்டும்.”

கடைசிக் கடிதமும் நீளம்தான். பக்கத்து ஃப்ளாட் பெண்மணி, கருகிப்போன பிரியாணி, பேரனுக்கு விழுந்த முதல் பல். முடிவில் ஒரு வரி: பெருநாளுக்கு வருகிறோம், அம்மாவிடம் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் முதலில். அதை முதலில் தட்டிவிடலாமா என்று கை துடித்தது. அவர் ஒவ்வொரு எழுத்தாக ருசித்துக்கொண்டிருந்தார். பல் விழுந்ததில் அன்றைய பொழுது முடிந்தது. பேரன் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே, மிச்சம் அடுத்த வாரம் என்றார்.

புதன்கிழமை அக்கா போன் செய்தார். பாய் தூக்கத்திலேயே மௌத்தாகிவிட்டார்.

நஸ்ரின் வந்தபோது, அத்தா எப்படிப் படித்தார் என்று காட்டச் சொன்னாள். அவள் விரல்களை வைத்து ‘அத்தா’ என்று தட்டிக் காட்டினேன். கணினி அதே தடித்த குரலில் மெதுவாகச் சொல்லி முடித்தது.

“ஒரு வார்த்தைக்கே இவ்வளவு நேரமாண்ணே? நான் பிரியாணி கருகுனதையெல்லாம் பக்கம் பக்கமா எழுதினேனே.”

“அதையும் விடாமத்தான் படிச்சாரும்மா.”

“நான் வரேன்னு எழுதினது?”

“பல்லு விழுந்ததுவரைக்கும் வந்தோம்.”

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

அந்த மாடியில் இப்போது மொபைல் கடை. அக்கா மகளோடு சார்ஜாவில். பாலக்கரை வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போக இடமில்லை. இன்று காலை மெயிலை முடிக்கும்வரை கணினி எழுத்தெழுத்தாகவே சொல்லட்டும் என்று விட்டேன். பிறகு அணைத்தேன். எனக்கு அது தேவைப்படுவதில்லை.