அப்பாவின் விமானத்தில் புகை வந்ததா?

போன வாரம் திருப்புலிவனத்தில் ஒரு பெரியவர் என் அப்பாவின் போட்டோவைப் பார்த்ததும் தலைத் துண்டை அவிழ்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்கூடக் கலங்கிவிட்டது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்... உறைக்கவில்லை.

விஷயம் இதுதான். அப்பாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வயலுக்கு மருந்து தெளிக்கும் குட்டி விமானத்தின் பைலட் அவர். பனைமர உயரத்தில் பறந்தவர். எண்பத்தாறு வயதில் தாம்பரம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "எழுதிட்டியா, எழுதிட்டியா" என்று நச்சரிப்பவர்.

புள்ளலூர், உத்திரமேரூர் என்று ஊருக்கு ஒரு சாகசம் சொல்வார். அவற்றில் உச்சம், வற்றிக் கிடந்த உத்திரமேரூர் ஏரியில் விமானத்தை இறக்கியது. நடுவானில் இன்ஜின் நின்றுவிட்டதாம். ஒரே புகையாம். எனக்கு அந்தப் புகை மேல்தான் சந்தேகம். என் கல்யாணத்தில் சொன்னபோது வெள்ளைப் புகை. தங்கை கல்யாணத்தில் கறுப்பு. பேரன் காதுகுத்தில் தீயே பிடித்துவிட்டது!

பெற்ற அப்பனையே சந்தேகப்படுவதா? படலாம். அந்தக் குணத்தைக் கொடுத்தவரே அவர்தானே. நேற்றுதான் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டிருப்பார். இன்று டேங்கைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார். ஆட்டோவில் ஏறினால் டிரைவரிடம், "பெட்ரோல் இருக்கா? திறந்து காட்டு" என்பார். எத்தனை பேர் எங்களை நடுரோட்டில் இறக்கிவிட்டிருக்கிறார்கள்! பைலட்டின் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, சாட்சி தேடிப் போனேன். விசாரித்ததில் கிடைத்தவர்தான் அந்தத் திருப்புலிவனத்துப் பெரியவர், ஏழுமலை. அன்று ஏரிக்குள் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர், கூலி வேலை செய்தே காலம் தள்ளியவர். அடையாளம் காட்டுவதற்காக அப்பாவின் பழைய போட்டோவை ஃபிரேமோடு எடுத்துப் போயிருந்தேன். "அப்பாவோட ஞாபகங்களை எல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் போடறேன்" என்றேன்.

கும்பிட்டு முடித்தவர், "நல்ல மனுசன் சார். இனிமே சொன்னா இன்னா?" என்று ஆரம்பித்தார்.

"பொகையும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். பெட்ரோலு தீந்துட்ச்சி. எறங்கினதும் ஒரு குச்சிய ஒட்ச்சி டேங்கில வுட்டுப் பாத்தாரு. காஞ்சிபோய் வந்திச்சி. அப்டியே தலைல கைய வெச்சிக்கினு குந்திட்டாரு. 'கெளம்பறதுக்கு முன்ன பாக்காம வுட்டுட்டேன்டா, வேல போயிடும்'னு அயுதாரு சார்."

அழுதாரா? என் அப்பாவா?

"நான்தான் சைக்கிள்ல போயி ரெண்டு டின்னு பெட்ரோலு கொண்டாந்து டேங்கில ஊத்தினேன். அப்பால ஜீப்ல ஆபீசருங்க வந்தாங்க. 'பொகை வந்திச்சி, நான் பாத்தேன்'னு சொல்லிட்டேன். ரெண்டு நாளு இன்ஜினப் பிரிச்சிப் போட்டுக்கினு தேடினாங்க, பாவம்!"

அந்தப் புகை இவருடையது! அப்பா இரவல் வாங்கி ஐம்பது வருஷமாக வளர்த்திருக்கிறார்.

"பொண்டாட்டிகிட்டகூட சொன்னதில்ல. ஐயா உசுரோட கீற வரிக்கும் வாயத் தொறக்கமாட்டேன்னு ஈஸ்வரன் மேல சத்தியம் பண்ணேன். எப்போ சார் போனாரு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஃபிரேம் போட்ட போட்டோ, ஞாபகப் புத்தகம்... அவர் வேறென்ன நினைப்பார்?

"அப்பா இருக்காருங்க."

"கீறாரா?" முகம் வெளுத்துவிட்டது. "இன்னா சார் நீ! முன்னாலயே சொல்லக் கூடாதா? சத்தியத்த முறிச்சிட்டேனே!"

வெட்கமாக இருந்தது எனக்கு. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் காத்த வாக்கு, என்னுடைய அவசரத்தில் போய்விட்டது. வேறு வழி தெரியாமல் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, போனை ஏழுமலை கையில் கொடுத்தேன்.

"ஐயா... நீங்க பூட்டீங்கன்னு நெனச்சிக்கினு... எல்லாத்தையும் சொல்லிட்டேன்யா."

"நீ ஒரு தப்பும் பண்ணல ஏழுமலை. அன்னிக்கு நீ இல்லேன்னா நான் என்னிக்கோ போயிருப்பேன்" என்றார் அப்பா. குரல் உடைந்திருந்தது. ஏழுமலை துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சொன்னால் நம்புவீர்களா? பறந்த அப்பாவைவிட, ஏரியில் உட்கார்ந்து அழுத அப்பாவைத்தான் எனக்கு அதிகம் பிடித்தது.

போன் என்னிடம் வந்தது. "நடந்ததை அப்படியே எழுது. புகையை எடுத்துடு" என்றார். எவ்வளவு பெரிய மனசு! பெருமையோடு போனை வைக்கப் போனேன்.

"இருடா..." என்றார் அப்பா. "புள்ளலூர் பக்கம் மட்டும் அந்த போட்டோவை எடுத்துட்டுப் போயிடாதே."