டெம்ப்ட் என்னும் வினைச்சொல்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் லிண்டா ஒரு தட்டை என் முன்னால் நீட்டி, "கேன் ஐ டெம்ப்ட் யூ?" என்று கேட்டார். தட்டில் எலுமிச்சை கேக் துண்டுகள். வடக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரின் முதியோர் இல்லச் சமையலறை அது. லிண்டா அங்கே தலைமைச் சமையல்காரர், நான் அவருடைய உதவியாள். இந்தப் பக்கத்து மனிதர்கள் வார்த்தையில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் வெளியே விடுவார்கள் என்று எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஆகவே அவர் 'அட்டெம்ப்ட்' என்பதைத்தான் சுருக்கிச் சொல்கிறார் என்று முடிவுகட்டினேன். பாலிடெக்னிக்கில் கணக்குப் பேப்பரை மூன்றாவது அட்டெம்ப்டில் பாஸ் செய்தவன் நான், அந்தச் சொல் எனக்கு நெருங்கிய பழக்கம். ஏதோ கேக் செய்யும் பரீட்சை வைக்கப்போகிறார் என்று நினைத்து, "யெஸ் மேடம், ஐ வில் ட்ரை மை பெஸ்ட்" என்றேன். லிண்டா என்னையும் கேக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "இட்ஸ் ஒன்லி கேக், லவ்" என்று சொல்லிவிட்டுத் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இந்தப் பக்கத்தில் 'லவ்' என்பது நம் ஊர்க் 'கண்ணு' மாதிரி, யாரையும் அப்படிக் கூப்பிடுவார்கள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்தச் சொல்லைக் கைபேசியில் தேடினேன். ஆசை காட்டு, மயக்கு, தீய வழியில் செல்லத் தூண்டு என்று தமிழில் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் மனைவி ஜெயந்தியிடம் சொன்னேன். அவள் இந்த ஊர் மருத்துவமனையில் நர்ஸ். அவள் விசாவில் கூட வந்தவன்தான் நான். அவள் தாம்பரத்தில் சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்தவள். "டெம்ப்ட் பண்றது சாத்தானோட வேலைன்னுதான் எங்க ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்க. உங்க லிண்டாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டாள்.

லிண்டாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. போகப் போகத்தான் தெரிந்தது, இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குப் பல்லே கிடையாது. பிஸ்கட் கொடுக்க அது போதும், இன்னொரு கோப்பை டீ ஊற்றவும் அது போதும். "ஐ அம் டெம்ப்டட்" என்று ஒருவர் சொன்னால் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் செய்யப்போவதில்லை என்று அர்த்தம். மறுப்பதற்கு இவ்வளவு அழகான வழியை நான் வேறெங்கும் கண்டதில்லை. நம் ஊர்ப் பத்திரிகைகளில் 'ஆசை வார்த்தை கூறி' என்று ஒரு செய்தி தொடங்கினால் அடுத்த வரியில் போலீஸ் வந்துவிடும். ஆசை காட்டுவது நமக்குக் குற்றம். சாப்பிடச் சொல்லும்போது நாம் ஆசை காட்டுவதில்லை, அதிகாரம் செய்கிறோம். "அட, உக்காருங்க, ரெண்டே இட்லி" என்று சொல்லிக்கொண்டே நான்கு விழும். கையால் இலையை மறைத்தால் விரல் இடுக்கில் சாம்பார் ஊற்றுவார்கள். இங்கே ஒரு முறை வேண்டாம் என்றால் தட்டு நகர்ந்துவிடும். முதல் முறை மரியாதைக்கு மறுத்துவிட்டு இரண்டாம் முறைக்காகக் காத்திருந்து, யார் யார் வீட்டிலிருந்தோ பசியோடு திரும்பியிருக்கிறேன். புதிதாக வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், இங்கே இரண்டாம் முறை என்று ஒன்று கிடையாது.

நான் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். ஜெயந்திக்கு இங்கே வேலை கிடைத்தபோது எங்கள் மகள் யாழினிக்கு ஆறு வயது. எங்களுக்குக் கிடைத்ததோ நான்கு குடும்பங்கள் பங்குபோட்டுக்கொண்ட வீட்டில் ஒற்றை அறை. அதனால், வசதியான வீடு அமையும்வரை குழந்தை சிட்லபாக்கத்தில் என் அக்காவிடம் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அக்கா கலைவாணி காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி விடுதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மாமா இறந்த பிறகு தனியாக இருந்தவள், குழந்தைகள் கிடையாது. பட்டறையில் கடைசி நாள் கிரேன் ஓட்டும் டில்லி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார், பாப்பாவ உட்டுட்டுப் போறியாமே? நெஞ்சு தாங்குமா?" என்று கேட்டான். ஆறே மாசம்தான் டில்லி என்றேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது.

எங்கள் இல்லத்தில் ரான் என்றொரு முதியவர் இருந்தார். மனைவி போன பிறகு வந்து சேர்ந்தவர், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒருநாள் லிண்டா என்னிடம், "ஸீ இஃப் யூ கேன் டெம்ப்ட் ஹிம்" என்று கஞ்சிக் கிண்ணத்தைக் கொடுத்தார். நான் எனக்குத் தெரிந்த முறையில் போனேன். பக்கத்தில் நின்று கரண்டியைத் தூக்கி, "ப்ளீஸ், ஒன் ஸ்பூன், ஃபார் மீ" என்றேன். ரான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கதவருகே நின்று பார்த்த லிண்டா, "நீ அவருக்கு ஆசை காட்டவில்லை லவ், காவல் காக்கிறாய்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கஞ்சியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து மார்மலேட் என்னும் ஆரஞ்சு ஜாம் தடவிய ரொட்டித் துண்டொன்றை ஜன்னலோரம் வைத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பிறகு போய்ப் பார்த்தபோது பாதித் துண்டு காலியாகியிருந்தது. மறுநாள் வைத்த துண்டு அப்படியே இருந்தது. அதையும் லிண்டா ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார். வைத்துவிட்டு விலக வேண்டும், வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லின் இந்தப் பாதி எந்த அகராதியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

தெரிந்து என்ன? சொந்தக் குழந்தை விஷயத்தில் எங்களால் விலக முடியவில்லை. போன வருடம் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று அமைந்தது. ஜெயந்தி போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினாள். பனி பெய்தால் வாசலுக்கு ஓடுவாள். "பாருடி, ஐஸ்கிரீம் கொட்டுன மாதிரி இருக்கு!" பூங்காவில் வாத்து, ஊஞ்சல், பள்ளிக்கூடத்தில் நீச்சல் குளம். யாழினி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சரிம்மா, அத்தை கூப்பிடுறாங்க, வெக்கட்டா?" என்பாள். அக்காவும் எங்களோடு சேர்ந்துகொண்டாள். "உனக்குன்னு தனி ரூம்டி, மாடியில. இங்க என்ன இருக்கு? கொசுதான் இருக்கு" என்று அவள் பின்னாலிருந்து சொல்வது கேட்கும். அக்காவின் குரலில் அத்தனை உற்சாகம். விசா கிடைத்தது என்று சொன்ன அன்று, யாழினி போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அரைமணி நேரம் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டுதான்.

ஜெயந்திக்கு விடுமுறை கிடைக்கவில்லை. மே மாதம் நான் மட்டும் போனேன். மீனம்பாக்கத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற யாழினி, "வாங்கப்பா" என்றாள். நாங்கள் விட்டுப் போகும்போது என்னை 'நீ' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தை. அந்த 'ங்க' காரில் ஏறிய பிறகும் காதில் குத்திக்கொண்டிருந்தது. வீட்டில் பெட்டியைத் திறந்து, ஜெயந்தி வாங்கிக் கொடுத்திருந்த சிவப்புக் கோட்டைக் கொடுத்தேன். அந்த வெயிலிலும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். "சூப்பரா இருக்குப்பா" என்றாள். பிறகு கழற்றி, ஒழுங்காக மடித்து, என் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அக்கா, "நாளைக்கு ஸ்கூல்ல போய் டி.சி. வாங்கிடலாம்டா" என்றாள். யாழினி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, "நான் வரமாட்டேன்" என்று கத்தினாள். அக்கா வெளியே நின்று சைக்கிள் என்றாள், பெரிய நாய்க்குட்டி என்றாள், பனிமனிதன் என்றாள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே அழுகை பெரிதானது.

சாயங்காலம் அவளை மட்டும் அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். ஓய்வுபெற்றவர்கள் கூட்டம் கூட்டமாக நடைபாதையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எதையும் காட்டக்கூடாது, எதையும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லக்கூடாது என்று எனக்குள் உறுதி எடுத்துக்கொண்டேன். ஒரு சுற்று முடித்தோம்.

"அத்தைக்கு என்னைப் பிடிக்கலையாப்பா?" என்று திடீரென்று கேட்டாள்.

"யாரு சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. முன்னாடில்லாம் நான் வர லேட்டானா தெருமுனைக்கு வந்து நிப்பாங்க. இப்போ எப்பப் பாத்தாலும் அங்க போ, அங்க அது இருக்கு, இது இருக்குன்றாங்க. சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க."

"உனக்கு ஆசையா இருக்கட்டும்னுதாம்மா சொல்றாங்க."

"அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்க. அத்தை வீட்ல ஜாலியா இருக்கும், ஏரி இருக்கு, டிவி இருக்குன்னு. சொல்லிட்டு நீங்க ரெண்டு பேரும் போயிட்டீங்க."

கரையோர பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு வயதுக் குழந்தை எங்கள் எல்லோரையும்விடச் சரியாக அந்த வினைச்சொல்லைப் புரிந்துவைத்திருந்தது. அவளுக்கு யாராவது ஆசை காட்டினால், அவர் அவளை விட்டுப் போகப்போகிறார் அல்லது அவளை அனுப்பப்போகிறார் என்று அர்த்தம்.

வீடு திரும்பியதும் அவள் டிவி முன்னால் உட்கார, நான் சமையலறையில் அக்காவிடம் சொன்னேன். தோசை மாவில் உப்பு போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டாள்.

"நான் வேற என்னடா பண்றது? போகாத, என்கூடவே இருடின்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவா. எத்தனை வாட்டி அது தொண்டை வரைக்கும் வந்துச்சு தெரியுமா? அதை முழுங்கத்தான் பனி, சைக்கிள்னு என்னத்தையோ உளறினேன்."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். தோசை சுட்டு முடித்து யாழினியைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"யாழி, அத்தை உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்."

"என்ன பொய்?"

"நீ போறதுல எனக்கு சந்தோஷம்னு சொன்னேன்ல? கொஞ்சம்கூடக் கிடையாது. நீ போயிட்டா இந்த வீட்ல எனக்கு சோறு இறங்காது. நீ போற அன்னைக்கு ஏர்போர்ட்டுக்கு வர தைரியம் வருமான்னுகூடத் தெரியல."

யாழினி அவளையே பார்த்தாள். "அப்போ ஏன் போ போன்றீங்க?"

"உங்கம்மாவும் ரெண்டு வருஷமா இப்படித்தான்டி இருக்கா. போன்ல சிரிக்கிறா, வெச்சதும் அழறா. உங்கப்பாவைக் கேளு."

யாழினி என்னைக் கேட்கவில்லை. தன் தட்டைத் தள்ளிவிட்டு, அக்காவின் தட்டிலிருந்து பிய்த்துச் சாப்பிடத் தொடங்கினாள். மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே என்னிடம் வந்து நின்றாள். "அங்க வந்து எனக்குப் பிடிக்கலைன்னா?" நிச்சயம் பிடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். "பிடிக்காமலும் போகலாம்மா. தெரியல. அம்மா இருப்பா, நான் இருப்பேன். லீவுக்கு அத்தைகிட்ட வரலாம்." நுரையைத் துப்பிவிட்டு வந்து, "சரி, வரேன்" என்றாள்.

விமான நிலையத்துக்கு அக்கா வந்தாள். உள்ளே போகும் வாசலில் அவள் முகத்தை இறுக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்த யாழினி, "அழுங்க அத்தை, பரவால்ல" என்றாள். அக்கா அழுதாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்களுக்கு வழிவிட்டுக் காத்திருந்தார்கள்.

தோசை சுட்ட அன்று ராத்திரி அக்கா செய்ததற்கு என்ன வினைச்சொல் என்று நான் இன்னமும் யோசிக்கிறேன். டெம்ப்ட் என்பதற்கு எதிர்ச்சொல்லாக அகராதி தருவதெல்லாம் தடு, வெறுப்பூட்டு என்ற வகைதான். அக்கா தடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. தன் வலியைக் காட்டினாள், குழந்தை அதை நம்பிப் புறப்பட்டது. லிண்டாவிடம் இதைச் சொல்ல முயன்றேன். பாதி ஆங்கிலத்தில் மாட்டிக்கொண்டது. என் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று புரிந்துகொண்டு, அவர் ஒரு வாழ்த்து அட்டை வாங்கி அனுப்பிவைத்தார். அது சிட்லபாக்கம் வீட்டின் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

யாழினிக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறதா? கேட்டால், "பாதி" என்கிறாள். பள்ளியில் ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். மதியச் சாப்பாட்டை வெறுக்கிறாள். அவளுக்கும் அம்மாவுக்கும் இடையே தினமும் ஒரு சண்டை நடக்கிறது, ஜெயந்தி அதைச் சந்தோஷமாகப் போடுகிறாள். இந்த நவம்பரில் ஒருநாள் காலை, இங்கே வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருந்தது. அக்கா அனுப்பியிருந்த குரல்செய்தியை யாழினி காதில் வைத்துக் கேட்டாள். அங்கே சிட்லபாக்கத்தில் விடிய விடிய மழையாம், தெருவில் முழங்கால் தண்ணீராம். கேட்டு முடித்ததும் அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அப்பா, எங்க ஸ்கூல் இன்னைக்கு லீவு!" என்று கூவினாள். கூவிக்கொண்டே குனிந்து ஷூ லேசைக் கட்டினாள். பையை மாட்டிக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று என்னை அதட்டி, வெயிலுக்குள் இறங்கிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.